தண்ணீர் மேலே நிற்கும் கொழும்பு வளவு: நிலத்திலா, மேட்டிலா, மண் நிரப்பியா, சாடியிலா?

கொழும்பிலும் அதைச் சுற்றியும் வீட்டுத் தோட்டம் செய்ய ஆசைப்படுபவர்கள் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். வளவில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. அதில் கத்தரியும் மிளகாயும் வருமா? மா, பலா வைத்தால் நிற்குமா? மேடை கட்டி அதில் போடுவதா, டிப்பரில் மண் இறக்கி முழு வளவையும் உயர்த்துவதா, அல்லது பேசாமல் சாடிகளோடு நிறுத்திக்கொள்வதா?

கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் இருப்பவருக்கு மழைக்காலத்தில் தண்ணீர் காலைத் தொடும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரை மணலில் இருப்பவருக்குத் தண்ணீர் அவ்வளவு மேலே இராது, ஆனால் ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் செடி வாடும். மஹரகமப் பக்கத்துக் கபுக் (செம்பூரான் கல்) மேட்டில் கிணறு ஆழம். அங்கே இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. ஆகவே “கொழும்புக்கு எது நல்லது” என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் வளவில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எந்த மாதத்தில் அங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, மழைக்கால உச்ச மட்டம். கொழும்புக்கு வருடத்தில் ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும் பங்கு ஏப்ரல் – மே, ஒக்டோபர் – நவம்பர் ஆகிய இரண்டு பருவங்களில் கொட்டுகிறது. எந்தச் செடி உயிரோடு இருக்கும் என்பதை இந்த மாதங்களின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. பெப்ரவரியில் குழி தோண்டிப் பார்த்து “நாலடிக்குத் தண்ணீர் இல்லை, பரவாயில்லை” என்று பலாக்கன்று வைப்பவர்கள் பலர். மணல் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை முழுவதும் உள்ளே இறங்கினால், நீர்மட்டம் ஒன்றரை அடிக்கு மேல் எழும்பிவிடும். மண்ணின் கனவளவில் ஐந்திலொரு பங்கு அளவுக்குத்தான் புதுத் தண்ணீருக்கு இடம் இருக்கிறது என்பதே காரணம். களி மண்ணில் அந்த இடம் இன்னும் குறைவு. ஆகவே மட்டம் இன்னும் வேகமாக ஏறும். 100 மில்லிமீற்றர் கொழும்புக்குப் பெரிய அதிசயமில்லை. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த நகரம் இது.

வேருக்குத் தண்ணீர் பகையில்லை, காற்று இல்லாமைதான் பகை. தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் இடைவெளிகள் தண்ணீரால் நிறைந்ததும் அங்கே மிச்சமிருக்கும் ஒட்சிசனை வேரும் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த முருங்கைத் தடியை மதிலோரம் நட்டுவிட்டு, “தண்ணி ஊத்தி ஊத்திப் பாக்கிறன் தம்பி, வாடிக்கொண்டே போகுது” என்றார். அது மே மாதம். தடிக்குத் தேவையாக இருந்தது தண்ணீர் குறைவதுதான். வடக்கின் செம்மண்ணில் தண்ணீர் கீழே ஓடிவிடும்; அந்தப் பழக்கத்தோடு இங்கே வாளியைத் தூக்கினால் செடி தாங்காது.

இரண்டாவது, மண் வகை. நீர்மட்டத்துக்கு மேலேயும் ஈரம் ஏறி நிற்கும். பருமணலில் அது ஓரடி கூட ஏறாது. இருவாட்டி மண்ணில் மூன்றடி வரை ஏறிப் பயிருக்கு உதவும். களியில் இன்னும் உயரம் ஏறும், ஆனால் மிக மெதுவாக. ஆகவே மூன்றடியில் தண்ணீர் என்றால், இருவாட்டி மண்ணில் கத்தரிக்கு நாம் ஊற்றாமலே ஒரு பங்கு நீர் கிடைக்கும். கடற்கரை மணலில் அதே மூன்றடி பயனற்றது. பொதுவாக மரக்கறிக்கு மழைக்கால உச்சத்திலும் ஒன்றரை அடி உலர்ந்த மண் வேண்டும், பழமரங்களுக்கு மூன்று முதல் நான்கு அடி. அதைவிட மேலே தண்ணீர் நின்றால் விளைச்சல் விழும். மிகக் கீழே, எட்டடி பத்தடி என்று போய்விட்டால் மரக்கறிக்கு நிலத்தடி நீர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

மூன்றாவது, தண்ணீரின் தரம். கடலோரக் கிணறுகளில் அதிகம் இறைத்தால் உப்பு ஏறும். சதுப்பை ஒட்டிய இடங்களில் தண்ணீர் இரும்புக் கறையோடு வரும். நான்காவது, காணி யாருடையது, அங்கே எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள் என்பது. பலர் மறந்துவிடும் அளவுகோல் இதுதான்.

அளப்பது எப்படி

கிணறு இருந்தால் வேலை சுலபம். காலையில் மோட்டர் போடுவதற்கு முன் தரையிலிருந்து தண்ணீர் வரை அளந்தால் போதும். கிணறு இல்லாவிட்டால் இரண்டு அங்குல பி.வி.சி. பைப் ஒன்றை ஐந்தடிக்கு வெட்டி, கீழ் மூன்றடியில் சிறு துளைகள் போட்டு, பழைய துணியால் சுற்றி நிலத்தில் இறக்குங்கள். மேலே மூடி கட்டாயம். திறந்த பைப்பில் நுளம்பு குடிவந்துவிடும். உள்ளே ஒரு காய்ந்த தடியை விட்டு எடுத்தால் நனைந்த கோடு தெரியும். நல்ல மழை விட்ட மறுநாள் அளந்த அளவு ஒன்று, பெப்ரவரியில் அளந்தது ஒன்று. இந்த இரண்டும்தான் தேவை.

ஒரு வருடம் காத்திருக்க முடியாதவர்களுக்கு மண்ணே சொல்லும். பைப்புக்காகத் தோண்டும்போது வரும் மண்ணை வரிசையாக ஒரு சாக்கில் பரப்பிப் பாருங்கள். மேலே மண்ணிறம் ஒரே சீராக இருக்கும். கொஞ்சம் கீழே சாம்பல் நிறத் திட்டுகளும் அவற்றுக்கு நடுவே துருப்பிடித்த செம்மஞ்சள் புள்ளிகளும் கலந்து வரும். இன்னும் கீழே முழுக்க நீலச் சாம்பல் நிறமாகி, சில இடங்களில் கூழ்முட்டை மணமும் அடிக்கும். புள்ளிகள் தொடங்கும் ஆழம் வரை தண்ணீர் ஏறி இறங்குகிறது. முழுச் சாம்பல் தொடங்கும் ஆழத்துக்குக் கீழே வருடத்தின் பெரும் பகுதி தண்ணீர் நிற்கிறது. வேர் இறங்குவதற்கு உரிய இடம் புள்ளிகளுக்கு மேலே உள்ளதுதான். பிற இடத்திலிருந்து கொட்டிய மண் என்றால் மட்டும் இந்தச் சாட்சியை நம்ப வேண்டாம், அது பழைய இடத்தின் கதையைச் சொல்லும்.

ஒரே பார்வையில்

| | நேரடியாக நிலத்தில் | மேட்டுப் பாத்தி | முழு வளவையும் நிரப்புதல் | சாடி, பை |
|---|---|---|---|---|
| பொருந்தும் மழைக்கால மட்டம் | ஒன்றரை அடிக்குக் கீழே. அதைவிட மேலே என்றால் ஈரம் தாங்கும் செடிகள் மட்டும் | அரை அடி முதல் இரண்டடி வரை | வீடு கட்ட முன், வெள்ளம் ஏறும் காணி | எதுவானாலும் |
| ஆரம்பச் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | சிறிதாகத் தொடங்கலாம் |
| கோடையில் ஊற்ற வேண்டிய நீர் | மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | தினமும் |
| மறைந்திருக்கும் செலவு | மரம் சாய்தல், உர இழப்பு | மண் அமர்தல், ஓரம் காய்தல் | அனுமதி, பழைய மரங்கள் சாதல் | நுளம்பு, சிலாப்பின் பாரம் |
| வாடகை வீட்டுக்கு | சரி | மதில் இல்லாமல் என்றால் சரி | வேண்டாம் | மிகப் பொருத்தம் |

நேரடியாக நிலத்தில் நடுதல்

மிக மலிவான வழி இது, தண்ணீர்ச் செலவும் இதில்தான் குறைவு. ஆனால் செடியைத் தேர்வு செய்யும் சுதந்திரத்தை நிலத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

காலடியில் தண்ணீர் நின்றாலும் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை, கொஹில, ரம்பை, சேம்பு எல்லாம் வரும். கங்குனின் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெறும் குழாய். அந்தக் குழாய் வழியாகத்தான் காற்று வேருக்குப் போகிறது. மரங்களில் ஜம்பு ஈரத்தைத் தாங்கும். மங்குஸ்தானும் நீர்மட்டம் உயர்ந்த ஓடைக் கரைகளில் நன்றாக வளரும், ஆனால் காய்க்க எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். கொய்யா சில நாள் தேக்கத்தைச் சமாளிக்கும். தென்னை நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுக்கும், உவர்ப்பையும் ஓரளவு பொறுக்கும். நகராமல் தேங்கி நிற்கும் தண்ணீரில் அது மஞ்சளாகும்.

மறுபக்கத்தில் பப்பாசி. இரண்டு நாள் வேர் தண்ணீருக்குள் நின்றாலே போய்விடும். பலாவின் வேர் தண்ணீரைத் தொட்டால் காய்க்காது, சில வேளை பட்டும் போகும். முருங்கை, தேசி, கறிவேப்பிலை, அன்னாசி எல்லாம் இந்தக் கட்சிதான். வாழை நடுவில் நிற்கிறது. அதன் வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டடிக்குள் இருப்பதால், அந்த இரண்டடி மழைக்காலத்திலும் காற்றோடு இருந்தால் போதும். மாமரம் நாம் நினைப்பதைவிடத் திடமானது. தண்ணீர் தேங்கும்போது அடித்தண்டில் சிறு வெண் பருக்கள்போலத் துளைகளைப் பெருக்கி, அவற்றின் வழியே மூச்சு விடும். ஆனாலும் எல்லா மாமரமும் அந்தப் பருவைத் தள்ளாது, தள்ளாதவை பட்டுப்போகும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதல் செலவு, சாயும் மரம். தண்ணீருக்குள் வேர் இறங்காது. பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். கிளை பெருத்த பின் ஒரு மே மாதக் காற்றில் அது பக்கத்து வீட்டுக் கூரைமேல் படுக்கும். ஆகவே இரண்டடித் தண்ணீர் உள்ள வளவில் வீட்டை ஒட்டிப் பெரிய மரம் வேண்டவே வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் வருடாவருடம் கிளை வெட்டிக் குள்ளமாக வைத்திருங்கள். இரண்டாவது, உரம். காற்றில்லாத மண்ணில் நைதரசன் வாயுவாகிப் பறந்துவிடும். மழைக்கு முன் ஒரே தடவையில் யூரியா போடுவது காசைக் காற்றில் விடுவதற்குச் சமம். சிறுகச் சிறுக, மழை விட்ட இடைவெளிகளில் போட வேண்டும்.

மூன்றாவதை யாரும் பேச விரும்புவதில்லை. கொழும்பின் புறநகர்களில் பல வீடுகளுக்கு நகரக் கழிவுக் குழாய் கிடையாது, மலக்குழிதான். நீர்மட்டம் மேலே இருக்கும் இடத்தில் உங்கள் குழியும் பக்கத்து வீட்டுக் குழியும் கிணறும் ஒரே தண்ணீரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. சமைத்துச் சாப்பிடும் கீரைக்கு அது பெரிய பிரச்சினையில்லை. வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுவது. மழைக்குத் தண்ணீர் ஏறி நிற்கும் மூலையில் வளர்ந்த வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிட நான் துணியமாட்டேன்; அதற்கு ஒரு மேட்டுப் பாத்தியோ சாடியோ ஒதுக்கி, குழாய்த் தண்ணீர் ஊற்றுவதே நல்லது.

இந்த வழி யாருக்கு? மழைக்கால மட்டம் ஒன்றரை அடிக்குக் கீழே உள்ளவர்கள் மரக்கறிக்குத் தயங்கவே வேண்டாம். மட்டம் அதைவிட மேலே இருந்தாலும், கீரையும் ஜம்புவும் போதும் என்றிருப்பவர்களுக்கும் இதுதான்.

மேட்டுப் பாத்தி

என் விருப்பம் இதுதான் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் உயரத்தைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். மரக்கறிக்கு ஒன்றரை அடி உலர்ந்த மண் வேண்டும், உங்கள் வளவில் மழைக்கால மட்டம் முக்கால் அடியில் என்றால், பாத்தியின் உயரம் முக்கால் அடி. அவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்கிறதென்று மூன்றடிக்கு மதில் எழுப்பினால் நிலத்தடி நீர் தரும் இலவச ஈரம் வேருக்கு எட்டாமல் போய்விடும். கோடை முழுவதும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். மண்ணும் வீண்.

இங்கே மண்ணை வாங்குவது கியூப் கணக்கில். ஒரு கியூப் 100 கன அடி. ஆகவே பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியை ஓரடி உயர்த்த ஒரு கியூப். கொட்டிய மண் அமரும் என்பதால் இன்னும் கால் பங்கு சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் கபுக் மண்ணை இறக்காதீர்கள், காய்ந்தால் கல்லாகும். மேல்மண், மக்கிய பசளை, கழுவிய தும்புத்தூள் கலந்தால் நன்றாக வரும். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பு நாற்றைக் கருக்கும்.

கட்டும்போது இரண்டு விடயங்கள். பாத்திக்கு அடியில் சல்லி அடுக்கு போடாதீர்கள். வடியட்டும் என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள், நடப்பது தலைகீழ். நுண் மண்ணிலிருந்து பருங்கல்லுக்குத் தண்ணீர் இலகுவில் இறங்காது. சல்லிக்கு மேலேயே ஒரு சேற்றுப் படை நின்றுவிடும். அதற்குப் பதில் பழைய தரையை மண்வெட்டியால் கொத்திவிட்டுப் புது மண்ணை அதன்மேல் போட்டால் இரண்டும் கலந்து ஒரே மண்ணாகும். அடுத்தது, வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். சுவரின் பூச்சு அடுத்த மழைக்கே உப்பி உதிரும், பின்பு பெயின்ட்காரருக்கு நீங்கள் கொடுக்கும் காசில் இன்னொரு பாத்தி கட்டலாம்.

மரத்துக்கும் இதே வழி செல்லும். தேசி, கறிவேப்பிலை, பப்பாசிக்கு இரண்டடி உயரமும் ஆறேழு அடி அகலமும் உள்ள மேடு போட்டு நடுவில் நடுங்கள். பக்கங்களைச் சரிவாக விட்டு, வருடத்துக்கு ஒரு தடவை சுற்றிலும் மண் சேர்த்து அகலமாக்குங்கள். அகலமில்லாத உயர்ந்த மேட்டில் நிற்கும் மரமும் காற்றுக்கு விழும்.

தண்ணீர்ச் செலவைப் பலர் பெரிதாக்கிப் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். கொழும்பு வெயிலில் இலையும் மண்ணும் சேர்ந்து ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளில் நாலைந்து லீற்றர் நீரை ஆவியாக்கும். மாதத்துக்கு 120 முதல் 150 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். ஜனவரி, பெப்ரவரியில் பெய்வது மாதம் 60, 70 மில்லிமீற்றர் அளவு. குறை நிற்பது ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். பத்தடிக்குப் பத்தடிப் பாத்தி ஒன்பது சதுர மீற்றர் சொச்சம்; ஆக 700 லீற்றர் வரை, அதாவது ஒரு யூனிட் (1,000 லீற்றர்) கூட இல்லை. தண்ணீர் பில்லில் தெரியவே தெரியாது. ஆனால் ஐந்து பேர்ச் தோட்டத்தை இப்படி உயர்த்திக் குழாய் நீரில் வளர்த்தால், 126 சதுர மீற்றருக்கு மாதம் ஒன்பது, பத்து யூனிட். வீட்டுப் பாவனையோடு சேரும்போது அது உங்களை மேல்படி விலைக்குத் தள்ளும், அங்கே ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். அந்த அளவுத் தோட்டம் என்றால் கிணற்று நீர் கட்டாயம்.

மேட்டின் உண்மையான தொல்லை ஓரங்கள். வெயில் பக்கவாட்டிலும் அடிப்பதால் ஓரமாக நட்டவை முதலில் வாடும். பொச்சு மட்டைகளைக் குப்புற அடுக்கி ஓரத்தை மூடினால் பெரிதும் அடங்கும். செலவில்லாத வேலை, வீட்டில் தேங்காய் உரிக்காத நாளா?

மண் கொட்டி முழு வளவையும் நிரப்புதல்

முதலில் அளவைப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. பத்துப் பேர்ச் காணியை ஓரடி உயர்த்த 27 கியூப் மண். இறுக்கி உருட்டினால் இன்னும் கூட. தோட்டத்துக்காக மட்டும் இதைச் செய்வது என் கணக்கில் வராது.

தாழ்நிலத்தை நிரப்ப இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். அது வெறும் கடதாசிச் சடங்கில்லை. கொழும்பின் சதுப்புகள் வெள்ளத்தை வாங்கி வைக்கும் இடங்கள். அவற்றுக்காகவே 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். நீங்கள் உயர்த்திய அடியின் தண்ணீர் மதிலுக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குப் போகும். அயலவரோடு தொடங்கும் வழக்குக்கு டிப்பர்க்காரர் பொறுப்பில்லை.

ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கும் இது ஆபத்து. வளர்ந்த மாமரத்தின் அடியில் ஓரடி மண்ணைக் கொட்டினால் வேருக்குக் காற்றுப் போகாது. உடனே தெரியாது, இரண்டு மூன்று வருடத்தில் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். கறுத்த சதுப்பு மண்ணின் மேல் நிரப்பினால் அது பாரம் தாங்காமல் பல வருடம் அமர்ந்துகொண்டே போகும், நிரப்பிய மண்ணும் கூடவே இறங்கும். கட்டட இடிபாடு கலந்த மண் கிடைத்தால் வேறு கதை: மேல் படை மூடிபோல இறுகி, மழை நீர் கீழே போகாமல் மேலேயே நிற்கும். காசும் கொடுத்து, முன்பைவிட மேலே ஒரு நீர்மட்டத்தையும் வாங்கியதாக முடியும்.

இது சரியான தெரிவாக இருப்பது ஒரு சந்தர்ப்பத்தில்: வீடு கட்ட எப்படியும் நிரப்பத்தான் போகிறீர்கள், அனுமதியும் இருக்கிறது. அப்படியானால் தோட்டம் வரப்போகும் பக்கத்தில் உருளை ஓட்ட வேண்டாம் என்று மேசனிடம் முன்பே சொல்லுங்கள். மேல் ஓரடிக்கு நல்ல மண்ணைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

சாடியும் பையும்

தரைக்குக் கீழே எது நடந்தாலும் சாடிக்குக் கவலையில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் ஒவ்வொரு சாடிக்குள்ளும் ஒரு சிறு நீர்மட்டம் இருக்கிறது. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்து, சொட்டுவது நின்ற பின் தட்டையாகக் கிடந்ததை நிமிர்த்திப் பிடியுங்கள்; மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடும்போது கீழே நிற்கும் நீரின் மேல் இழுவை கூடி வடிகிறது. சாடியும் இதேதான். அடியில் சில அங்குலத்துக்கு மண் எப்போதும் நனைந்தே இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் கலவை, சாடியின் உயரமில்லை. ஆகவே குட்டையான அகலச் சாடியில் பாதி சேறு, உயரமான சாடியில் கால் பங்குதான் சேறு. அடியில் ஓட்டுத் துண்டும் சல்லியும் போடுவது இங்கேயும் சேற்றை மேலே தூக்கிவிடும். கலவையில் தும்புத் துண்டு, உமிக்கரி சேர்ப்பதுதான் வழி.

தண்ணீர்ச் செலவு இதில்தான் அதிகம். மே மாதத்தில் கூட மூன்று நாள் மழை விட்டால் ஊற்ற வேண்டும். வளர்ந்த தக்காளி ஒன்று வெயில் நாளில் ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கும். கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் யாராவது வந்து ஊற்ற வேண்டும். இதற்கு ஒரு நல்ல மாற்று, கீழே நீர்த்தொட்டியும் மேலே மண்ணும் இடையில் பருத்தித் திரியும் உள்ள சாடி. உண்மையில் அது விரும்பிய ஆழத்தில் நீங்களே வைத்துக்கொள்ளும் நிலத்தடி நீர்தான். தொட்டியின் வாய் அடைத்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏனென்றால் சாடியின் பெரிய மறைச்செலவு நுளம்பு. சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தோடு பதிவானார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தால் வழக்கு வரை போகும். தட்டே வைக்காதீர்கள், வைத்தால் மணல் நிரப்புங்கள்.

மாடியில் வைப்பவர்கள் பாரத்தையும் பார்க்க வேண்டும். நனைந்த மண் ஓரடி ஆழத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 500 கிலோ. சிலாப்பின் நடுவில் பெரிய தொட்டிகளை வைக்காமல் தூண், பீம் உள்ள ஓரங்களில் வையுங்கள். பெரிய அளவில் செய்வதானால் பொறியியலாளரைக் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கும், மாடி வீட்டுக்காரருக்கும், கிணற்றில் உப்பு ஏறிய கடலோர வீட்டுக்கும் சாடியை மிஞ்ச வழியில்லை. போஞ்சி போன்ற உப்புத் தாங்காதவற்றுக்கு அந்தக் கிணற்று நீரை ஊற்ற வேண்டாம், மழை நீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

கான் வெட்டி வடித்தால் என்ன?

சரிவும், தண்ணீர் போய்ச் சேர இடமும் இருந்தால் வெட்டலாம். கொழும்பின் தாழ்ந்த பகுதிகளில் வாய்க்கால்களின் நீரே கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே நிற்கிறது. உங்கள் கானின் தண்ணீர் போவதற்கு இடமில்லை. மழைக்காலத்தில் வாய்க்கால் நிறைந்ததும் அதே கானால் தண்ணீர் உள்ளே வரும். சதுப்பு மண்ணை வடித்தால் மண் சுருங்கி வீட்டு அத்திவாரமும் வெடிக்கும். கபுக் மேட்டின் அடிவாரத்தில், தெருக் கான் உங்கள் தரையைவிட நன்றாகக் கீழே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்படியானால் யார் எதைச் செய்வது

வெல்லம்பிட்டியில் சொந்தக் காணி, மழைக்கால மட்டம் அரை அடி: மரக்கறிக்கும் கறிவேப்பிலைக்கும் மேடு, தரையில் கங்குனும் கொஹிலவும் ஜம்புவும். நிரப்ப வேண்டாம்.

வெள்ளவத்தையில் மணல், மட்டம் ஐந்தடி: நேரடியாக நடுங்கள். இங்கே மேடு போடுவது நட்டம்தான். மணலில் ஈரம் ஓரடி கூட ஏறாததால் பசளையும் தும்புத்தூளும் நிறையச் சேர்த்து, மேலே மூடாக்குப் போட்டுப் பாத்தியைத் தரைமட்டத்திலேயே வைத்திருங்கள். முருங்கை இங்கே வரும். ரீச்சருக்கும் இதைத்தான் சொன்னேன், தெஹிவளை மகள் வீட்டு மணலில் தடியை நடும்படி.

நுகேகொடவில் வாடகை வீடு, இரண்டு வருட ஒப்பந்தம், மட்டம் இரண்டடி: மிளகாயும் தக்காளியும் பைகளில், வெண்டியும் கீரையும் நிலத்தில். மதில் கட்டிய பாத்தி வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் நன்கொடை. மண்ணைக் குவித்து வரம்பு கட்டினால் போதும்.

மேடு போடுபவர்கள் மார்ச் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் மழை தொடங்கிய பின் நனைந்த மண்ணை மிதித்து வேலை செய்தால் அது இறுகிவிடும், டிப்பரும் ஒழுங்கைக்குள் புதையும். மரக்கன்றை மேட்டில் வைப்பது, மண் ஒரு மழைக்கு அமர்ந்த பிறகு.